ஸ்டார்ட், செட்டப், ரீசெட்: எந்தச் சொல் எதைத் தொடங்கும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில நாட்களில் திரையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் சொற்கள் சில உண்டு. ஸ்டார்ட், பூட், ரன், லாஞ்ச், ஓப்பன், இன்ஸ்டால், செட்டப், கிரியேட், சைன் அப், ஆக்டிவேட், இனிஷியலைஸ், பார்மட், ரீஸ்டார்ட், ரீசெட் என இந்தப் பட்டியல் நீளும். அகராதியைப் புரட்டினால் இவற்றில் பலவற்றிற்கு "தொடங்கு", "ஆரம்பி", "நிறுவு", "அமை" என்று கிட்டத்தட்ட ஒரே பொருளே கிடைக்கும். ஆனால் கம்ப்யூட்டரில் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு வேலையைச் செய்பவை. ஒன்றை அழுத்தினால் ஒரு புரோகிராம் திறக்கும். இன்னொன்றை அழுத்தினால் மூன்று ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த குடும்பப் போட்டோக்கள் போய்விடும்.

எனவே இந்தச் சொற்களை ஆங்கில வகுப்பில் படிப்பது போல் படிக்காமல், ஒரே ஒரு கேள்வியை வைத்துக் கொண்டு பிரித்துப் பார்க்கலாம். "இதை அழுத்தினால் ஏற்கனவே இருப்பது அப்படியே இருக்குமா?" என்பது தான் அந்தக் கேள்வி. இதன்படி தொடக்கச் சொற்கள் மூன்று வகையாகப் பிரியும். முதல் வகை, இருப்பதை இயக்குபவை. இரண்டாவது வகை, இல்லாததைப் புதிதாக அமைப்பவை. மூன்றாவது வகை, இருப்பதை நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குபவை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வகை: இருப்பதை இயக்கும் சொற்கள்

ஸ்டார்ட்: ஆங்கிலத்தில் ஒன்றைத் தொடங்குவதைக் குறிக்க பிகின், ஸ்டார்ட் என்ற இரண்டு சொற்கள் உள்ளன. மழை தொடங்கியது என்பதற்கு இரண்டில் எதையும் பயன்படுத்தலாம். ஆனால் மோட்டார், கார், கம்ப்யூட்டர் போன்ற இயந்திரங்களுக்கு ஸ்டார்ட் மட்டுமே பொருந்தும். காரை பிகின் செய்தேன் என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை. பழைய ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்ற சொல்லுக்குத் துள்ளுதல், குதித்தல் என்று பொருள். திடுக்கிடுவதைக் குறிக்கும் ஸ்டார்ட்டில் என்ற சொல்லும் இதன் உறவுக்காரச் சொல் தான். அசையாமல் இருந்த ஒன்று சட்டென அசையத் தொடங்குவது என்ற பொருள் இயந்திரத்திற்குச் சரியாகப் பொருந்தியது.

மைக்ரோசாப்ட் 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ல் விண்டோஸ் 95ஐ வெளியிட்ட போது, திரையின் இடது கீழ் மூலையில் ஸ்டார்ட் பட்டன் இடம் பெற்றது. புதிதாக வருபவர் எங்கிருந்து தொடங்குவது என்று தடுமாறக் கூடாது என்பது இதன் நோக்கம். கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கும் ஸ்டார்ட்டைத் தான் அழுத்த வேண்டியிருந்ததால் இது அப்போது பலரது கேலிக்கும் ஆளானது. 2012ல் வந்த விண்டோஸ் 8ல் இந்தப் பட்டனை எடுத்துவிட்டார்கள். பயனாளர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியதால் 2013ல் வந்த விண்டோஸ் 8.1ல் மீண்டும் கொண்டு வந்தார்கள். 2021ல் வந்த விண்டோஸ் 11ல் இது டாஸ்க் பாரின் நடுப்பகுதிக்கு மாறியது. எங்கிருந்தாலும் ஸ்டார்ட் பட்டனைப் பயமின்றி அழுத்தலாம். அது ஒரு மெனுவைத் திறப்பதோடு சரி.

பூட்: கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்று சர்வீஸ் செய்பவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காலில் போடும் பூட்ஸிலிருந்து வந்த சொல் இது. பூட்ஸை இழுத்துப் போடுவதற்காக அதன் மேல் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். அதற்கு பூட்ஸ்ட்ராப் என்று பெயர். தன் பூட்ஸ் பட்டையைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே மேலே தூக்கிக் கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. நடக்க முடியாத காரியம் தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு இதே சிக்கல் இருந்தது. எந்த புரோகிராமையும் மெமரிக்குக் கொண்டு வர ஒரு புரோகிராம் வேண்டும். அந்த முதல் புரோகிராமை யார் கொண்டு வருவது?

இதற்கான வழியைத் தொடக்க காலக் கம்ப்யூட்டர்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1952ல் ஐ.பி.எம். அறிவித்த 701 என்ற கம்ப்யூட்டரில் லோட் என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் கார்டிலிருந்தோ டேப்பிலிருந்தோ ஒரு சிறு கட்டளை மட்டும் உள்ளே வரும். அது அடுத்த கட்டளைகளை இழுத்து வரும். இன்றும் நடப்பது இது தான். பவர் பட்டனை அழுத்தியவுடன் மதர்போர்டில் உள்ள சிப்பில் எழுதப்பட்டிருக்கும் சிறிய புரோகிராம் விழிக்கிறது. அது டிஸ்கில் உள்ள பூட் லோடரைத் தேடிப் பிடிக்கிறது. பூட் லோடர் விண்டோஸை மெமரிக்குக் கொண்டு வருகிறது. இந்தச் சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்தால் பூட் ஆகவில்லை என்கிறோம். பூட் ஆகவில்லை என்றால் பைல்கள் எல்லாம் போய்விட்டன என்று பொருள் இல்லை. பெரும்பாலும் அவை டிஸ்கில் பத்திரமாகவே இருக்கும். சர்வீஸ் செய்பவர் உடனே பார்மட் செய்துவிடலாம் என்றால், முதலில் பைல்களை வேறு டிஸ்கில் காப்பி எடுத்துத் தரச் சொல்லவும்.

ரன், லாஞ்ச், ஓப்பன்: ஏற்கனவே கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராமை இயக்குவது ரன். கப்பலைக் கடலில் இறக்குவதற்கும் ராக்கெட்டை ஏவுவதற்கும் பயன்படும் லாஞ்ச் என்ற சொல்லும் இங்கே இதே பொருளில் தான் வரும். ஓப்பன் என்பது பெரும்பாலும் பைலுக்கும் போல்டருக்கும் உரியது. இந்த மூன்றும் உங்களிடம் இருக்கும் எதையும் அழிப்பதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. முன் பின் தெரியாதவர் அனுப்பிய இமெயிலில் ரன் என்ற சொல் வந்தால் அழுத்த வேண்டாம். நீங்கள் ரன் செய்வது வைரஸாகவும் இருக்கலாம்.

லாக் இன், சைன் இன்: ஏற்கனவே உள்ள அக்கவுண்ட்டில் நுழைவது. லாக் என்றால் மரக்கட்டை. பழைய காலத்தில் கப்பலின் வேகத்தை அறியக் கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கடலில் வீசுவார்கள். அந்த அளவைக் குறித்து வைக்கும் புத்தகம் லாக் புக் ஆயிற்று. அந்தப் புத்தகத்தில் பதிவு செய்வது போல, யார் எப்போது உள்ளே வந்தார் என்பதைக் கம்ப்யூட்டர் குறித்துக் கொள்வதே லாக் இன்.

இரண்டாவது வகை: புதிதாக அமைக்கும் சொற்கள்

இன்ஸ்டால்: ஒரு சமயத் தலைவரையோ அதிகாரியையோ அவருக்குரிய இருக்கையில் முறைப்படி அமர்த்துவதற்குத் தான் இந்தச் சொல் முதலில் பயன்பட்டது. லத்தீன் மொழியில் ஸ்டாலம் என்றால் இருக்கை. கம்ப்யூட்டரிலும் பொருள் மாறவில்லை. ஒரு புரோகிராமை வெறுமனே ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்தால் அது இன்ஸ்டால் ஆகிவிடாது. அதற்குத் தேவையான பைல்கள் உரிய போல்டர்களில் அமர வேண்டும். விண்டோஸின் ரிஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் அதன் விவரங்கள் எழுதப்பட வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் அதற்கு ஓர் இடம் கிடைக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்தது தான் இன்ஸ்டால். ஆகவே நீக்கும் போதும் போல்டரை டெலீட் செய்வது போதாது. அன் இன்ஸ்டால் செய்திட வேண்டும்.

செட் அப்: இன்ஸ்டால் செய்ததை உங்கள் தேவைக்கு ஏற்ப அமைத்துக் கொள்வது. பிரிண்டரின் டிரைவரைப் பதிவது இன்ஸ்டால். எந்தத் தாள், எந்த வீட்டு வைபை என்று சொல்லிக் கொடுப்பது செட் அப். இதில் ஆங்கில எழுத்து முறையையும் கவனிக்கவும். இரண்டு சொல்லாக இடைவெளி விட்டு எழுதினால் அது வினைச்சொல். அதாவது அமை என்ற கட்டளை. ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால் அது பெயர்ச்சொல். அமைப்பு என்று பொருள். ஒரு புரோகிராமுடன் வரும் செட்டப்.இஎக்ஸ்இ பைல் சேர்த்து எழுதப்படுவதன் காரணம் இது தான். லாக் இன், பேக் அப் போன்ற சொற்களுக்கும் இதே விதி. கடிதமோ, வேலைக்கான விண்ணப்பமோ ஆங்கிலத்தில் டைப் செய்பவர்களுக்கு இது உதவும்.

நியூ, கிரியேட்: கண்ட்ரோல் கீயுடன் என் கீயை அழுத்தினால் நியூ. ஓ கீயை அழுத்தினால் ஓப்பன். நியூ கொடுத்தால் புதிய வெற்று டாகுமெண்ட் கிடைக்கும். பழைய டாகுமெண்ட் அப்படியே இருக்கும். ஆனால் பழைய பைலின் பெயரையே கொடுத்துப் புதிய பைலை சேவ் செய்தால், ரீப்ளேஸ் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். எஸ் என்றால் பழையது போய்விடும். அந்த இடத்தில் நோ கொடுத்து வேறு பெயரில் சேவ் செய்திடவும்.

சைன் அப், ரிஜிஸ்டர்: சைன் இன்னுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு புதியவர்கள் பலரைத் தடுமாற வைக்கிறது. சைன் இன் என்பது இருக்கும் அக்கவுண்ட்டிற்குள் நுழைவது. சைன் அப் என்பது புதிய அக்கவுண்ட் தொடங்குவது. ஒவ்வொரு முறையும் சைன் அப் அழுத்திக் கொண்டிருந்தால் ஒருவருக்கே நான்கைந்து இமெயில் முகவரிகள் உருவாகிவிடும். எதற்கு எந்த பாஸ்வேர்டு என்று பின்னர் தெரியாமல் போகும்.

ஸ்டார்ட் ப்ரீ டிரையல் என்ற பட்டனும் ஸ்டார்ட் என்ற எளிய சொல்லுடன் வந்தாலும், உண்மையில் இந்த வகையைச் சேர்ந்தது. இலவசமாகப் பார்ப்பது என்று நினைத்து கார்டு எண்ணைக் கொடுத்தால், பல சேவைகளில் நீங்கள் சந்தாதாரராகவே பதிவு செய்யப்படுகிறீர்கள். இலவச நாட்கள் முடிந்ததும் கார்டிலிருந்து பணம் தானாக எடுக்கப்படும். வேண்டாம் என்றால் கடைசி நாளுக்கு முன்பே கேன்சல் செய்திட வேண்டும். தொடங்கும் அன்றே கேலண்டரில் குறித்து வைக்கவும்.

ஆக்டிவேட்: இன்ஸ்டால் செய்த புரோகிராம் உரிமத்துடன் கூடியது தான் என்று உறுதி செய்வது. 2001ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியுடன் இந்தச் சொல் வீட்டுப் பயனாளர்களுக்கு அறிமுகமானது. அதை 30 நாட்களுக்குள் ஆக்டிவேட் செய்திட வேண்டும். ரிஜிஸ்டர் என்பது உங்கள் பெயரையும் முகவரியையும் நிறுவனத்திடம் கொடுப்பது. ஆக்டிவேட் என்பது உரிமத்தைச் சரி பார்ப்பது. இரண்டும் ஒன்றல்ல.

எஸ்டாப்ளிஷ்: பழைய கடைகளின் பெயர்ப் பலகையில் ஆண்டுடன் சேர்த்து எழுதியிருப்பார்கள். நிலையாக நிறுத்துதல் என்பது இதன் பொருள். இணைய இணைப்பு கிடைக்காத போது, கனெக்‌ஷன் எஸ்டாப்ளிஷ் செய்ய முடியவில்லை என்று திரையில் செய்தி வரும். ஸ்டார்ட் என்று சொல்லாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் காரணம் உண்டு. இணைப்பு ஏற்பட உங்கள் கம்ப்யூட்டர் மட்டும் தொடங்கினால் போதாது. உங்கள் கம்ப்யூட்டர் "பேசலாமா" என்று கேட்க வேண்டும். மறுமுனை "பேசலாம், கேட்கிறதா" என்று பதில் தர வேண்டும். உங்கள் கம்ப்யூட்டர் "கேட்கிறது" என்று உறுதி செய்திட வேண்டும். இந்த மூன்றும் முடிந்த பிறகு தான் இணைப்பு எஸ்டாப்ளிஷ் ஆனதாகக் கொள்ளப்படும். எனவே இந்தச் செய்தி வந்தால் பழுது உங்கள் கம்ப்யூட்டரில் தான் என்று முடிவு செய்ய வேண்டாம். வேறு ஒரு இணையதளம் திறக்கிறதா என்று பார்க்கவும். திறந்தால் சிக்கல் மறுமுனையில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது வகை: அழித்துவிட்டுத் தொடங்கும் சொற்கள்

கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கே தான். இந்தச் சொற்களும் ஒரு வகையில் தொடக்கத்தைக் குறிப்பவை தான். ஆனால் வெற்றிடத்திலிருந்து தொடங்கும் தொடக்கம் இது.

பார்மட்: பென் டிரைவையோ மெமரி கார்டையோ செருகும் போது சில நேரங்களில் ஒரு செய்தி வரும். இந்த டிஸ்கைப் பயன்படுத்தும் முன் பார்மட் செய்திட வேண்டும், செய்யவா என்று கேட்கும். கீழே பார்மட் டிஸ்க், கேன்சல் என இரண்டு பட்டன்கள் இருக்கும். பயன்படுத்துவதற்கு இது தேவையான சடங்கு போலும் என்று எண்ணிப் புதியவர்கள் பலர் முதல் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். உண்மையில் கம்ப்யூட்டர் சொல்வது, "இதில் உள்ளதை என்னால் படிக்க முடியவில்லை" என்பது மட்டுமே. உள்ளே போட்டோக்கள் இருந்தால் கேன்சல் அழுத்தவும். வேறு யு.எஸ்.பி. போர்ட்டில் செருகிப் பார்க்கவும். வேறு கம்ப்யூட்டரில் பார்க்கவும். கார்டு ரீடரை மாற்றிப் பார்க்கவும்.

தவறுதலாக பார்மட் கொடுத்துவிட்டால்? அது குயிக் பார்மட் என்றால் நம்பிக்கை உண்டு. குயிக் பார்மட்டில் புத்தகத்தின் பொருளடக்கப் பக்கம் மட்டுமே கிழிக்கப்படுகிறது. உள்ளே உள்ள பக்கங்கள் உடனே போவதில்லை. அந்த பென் டிரைவில் வேறு எதையும் எழுதாமல் எடுத்து வைக்கவும். பைல்களை மீட்டுத் தரும் ரெகவரி புரோகிராமை வேறு டிஸ்கில் இன்ஸ்டால் செய்து முயன்றால் பல பைல்கள் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் குயிக் பார்மட் என்ற கட்டத்தில் டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு முழு பார்மட் செய்திருந்தால், விண்டோஸ் விஸ்டா முதல் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களால் நிரப்பப்படுகிறது. அதன் பின் மீட்பது நடவாத காரியம்.

இனிஷியலைஸ்: ஒரே சொல் இடத்திற்கு ஏற்ப எப்படி மாறும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. பிரிண்டரை ஆன் செய்தவுடன் இனிஷியலைசிங் என்று வரும். பிரிண்டர் தன் பாகங்களைத் தொடக்க நிலைக்குக் கொண்டு வருகிறது என்று மட்டுமே பொருள். எதுவும் அழியாது. ஆனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்ட் பகுதியில் இனிஷியலைஸ் டிஸ்க் என்று கேட்டால் கதை வேறு. கடையிலிருந்து வாங்கி வந்த புத்தம் புதிய டிஸ்க் என்றால் ஓகே கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஏற்கனவே பைல்கள் உள்ள டிஸ்க் என்றால் ஓகே கொடுத்தவுடன் அதன் பிரிவுகளைக் காட்டும் பட்டியல் புதிதாக எழுதப்பட்டு, பைல்களை அடையும் வழி போய்விடும். மேக் கம்ப்யூட்டரிலும், படிக்க முடியாத டிஸ்கை இணைத்தால் இனிஷியலைஸ் என்ற பட்டன் தோன்றும். அங்கே இக்னோர் அல்லது எஜெக்ட் தருவதே பாதுகாப்பு. ஆகவே சொல்லை மட்டும் பார்க்காமல், அதற்கு அடுத்து வரும் பெயரையும் படிக்கவும். டிஸ்க் என்று இருந்தால் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு யோசிக்கவும்.

ரீஸ்டார்ட், ரீசெட்: ஒரே ஒலியில் தொடங்குவதால் அதிகம் குழப்பும் இரட்டையர்கள் இவர்கள். ரீஸ்டார்ட் என்பது முதல் வகை. கம்ப்யூட்டரை நிறுத்தி மீண்டும் பூட் செய்வது. பைல்களை சேவ் செய்துவிட்டால் பயமில்லை. ரீசெட் தான் ஆளை மாற்றும் சொல். பழைய டெஸ்க்டாப் கேபினட்டின் முன்புறம் இருக்கும் ரீசெட் பட்டன், கம்ப்யூட்டரை வலுக்கட்டாயமாக மீண்டும் பூட் செய்யும். சேவ் செய்யாதது மட்டுமே போகும். ஆனால் விண்டோஸ் 10, 11 செட்டிங்ஸில் ரெகவரி என்ற பிரிவில் உள்ள ரீசெட் திஸ் பிசி என்பது விண்டோஸையே புதிதாகப் பதிவது. அதில் கீப் மை பைல்ஸ் என்றால் உங்கள் பைல்கள் இருக்கும், ஆனால் நீங்கள் இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள் போய்விடும். ரிமூவ் எவரிதிங் என்றால் இரண்டுமே போகும். மொபைல் போனில் பேக்டரி ரீசெட் என்பதும் இத்தகையதே.

வீட்டு இணைய ரௌட்டரிலும் இதே கதை தான். இணைப்பு மெதுவாக இருந்தால் ரௌட்டரை ஆப் செய்து, அரை நிமிடம் கழித்து ஆன் செய்திடவும். அது ரீஸ்டார்ட். பின்புறம் சிறு துளைக்குள் ரீசெட் என்ற பட்டன் இருக்கும். அதை ஊசியால் குத்திச் சில விநாடிகள் பிடித்தால், வைபை பெயர், பாஸ்வேர்டு, இணைய நிறுவனம் பதிந்து தந்த அமைப்புகள் எல்லாம் அழிந்து தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். பிறகு அதை மீண்டும் செட் அப் செய்திட ஆள் வர வேண்டியிருக்கும்.

ஷட் டவுனா, ரீஸ்டார்ட்டா?

இந்த இடத்தில் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி. கம்ப்யூட்டர் தகராறு செய்யும் போது ஷட் டவுன் செய்து மீண்டும் ஆன் செய்தால் ரீஸ்டார்ட்டை விட நல்லது என்று நினைக்கிறோம். விண்டோஸ் 8 முதல் இது அப்படியல்ல. பாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் தொடக்கத்திலேயே இயக்கப்பட்டிருக்கும். அது இருந்தால் ஷட் டவுன் கொடுக்கும் போது, விண்டோஸின் மையப் பகுதி அப்போது இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைக்கப்படும். அடுத்த முறை அதையே எடுத்துக் கொண்டு விரைவாகத் தொடங்கும். பழைய சிக்கலும் கூடவே வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால் தான் எல்லாம் முதலிலிருந்து புதிதாக ஏற்றப்படும். எனவே சிக்கல் வந்தால் ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்க்கவும். முழுமையாக நிறுத்த விரும்பினால் ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு ஷட் டவுன் கிளிக் செய்திடவும்.

கிளிக் செய்யும் முன்

தொடக்கத்தைக் குறிக்கும் எந்தச் சொல்லைத் திரையில் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்ளவும்.

1. இருப்பதை இயக்குகிறதா, புதிதாக அமைக்கிறதா, அழித்துவிட்டுத் தொடங்குகிறதா?

2. அந்தச் சொல்லை அடுத்து என்ன பெயர் வருகிறது? புரோகிராமா, அக்கவுண்ட்டா, டிஸ்கா?

3. அதில் உள்ளவற்றிற்கு வேறு இடத்தில் காப்பி இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு இல்லை என்பது பதிலானால், கேன்சல் பட்டனை அழுத்திவிட்டு முதலில் காப்பி எடுக்கவும். போட்டோக்களையும் முக்கிய டாகுமெண்ட்களையும் கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க் அல்லது பென் டிரைவில் ஒன்று என இரண்டு இடங்களில் வைத்திருந்தால், பார்மட் என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வீட்டில் சிறுவர்களும் முதியவர்களும் அதே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால், பார்மட், இனிஷியலைஸ் டிஸ்க், ரீசெட், எரேஸ் என்ற நான்கு சொற்களை ஒரு தாளில் எழுதி மானிட்டருக்கு அருகில் ஒட்டி வைக்கவும். இவற்றில் ஒன்று திரையில் தோன்றினால் கேட்டுவிட்டு அழுத்த வேண்டும் என்று அவர்களிடம் சொல்லி வைக்கவும்.